பார்சல் போக மறுத்த தெரு

நகரத்தில் கரண்ட் போய், தண்ணீர் போய், கடைசியில் அரசாங்கமும் போன பிறகு, பதினோரு பேருக்கு வழிகாட்டியாக வாய்த்தவள் யார் தெரியுமா? வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த பத்தொன்பது வயதுப் பெண். எல்லோரும் அவளைப் 'பார்சல்' என்றே கூப்பிட்டார்கள். நண்பகலில் துறைமுகத்திலிருந்து கடைசிப் படகு கிளம்புகிறது. அதை விட்டால் அவ்வளவுதான்.

தெருப் பெயர் எதுவும் பார்சலுக்கு மனதில் நிற்காது. கதவுகள்தான் நிற்கும்.

"இந்த பில்டிங்ல மூணாவது மாடி. சூப்ல மிளகு கூடாது, பெல் அடிக்கக் கூடாது, கைக்குழந்தை தூங்குது," என்பாள், உடைந்த ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தபடி.

அங்கே அவளை முன்வாசல் லிஃப்டில் ஏறவிடாத ஒரு வாட்ச்மேன் இருந்தார். தினமும் சண்டை. இன்று அந்த முன்வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. பாழாய்ப்போன மனுஷன், ஒரே ஒரு தடவை வந்து திட்டிவிட்டுப் போகக்கூடாதா என்று அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கூட வந்த தையல்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏம்மா, கடல் வலது பக்கம். நீ இடது பக்கமாவே இழுத்துட்டுப் போறியே?"

"அந்தப் பக்கம் சரியில்லண்ணே."

பச்சைப் பொய். அந்தப் பக்கம் அவளுடைய தெரு இருந்தது. நாற்பது நாளைக்கு முன் அம்மா வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "அப்போ இந்த வீட்டையே கட்டிக்கிட்டுக் கிட" என்று கத்திவிட்டுக் கிளம்பியவள்தான் பார்சல். அவள் பின்னால் அம்மா உள்ளே தாழ் போட்டுக்கொண்ட கதவு அன்றிலிருந்து அவள் கண்ணை விட்டு அகலவில்லை.

கூட்டத்திலிருந்த நிறைமாத கர்ப்பிணி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"இப்படிப் போனா ஒரு மணி நேரம்."

"எப்படிப் போனா சீக்கிரம்?"

பார்சல் வெயிலைப் பார்த்தாள். அந்த வயிற்றைப் பார்த்தாள். "வலது பக்கம். பத்து நிமிஷம். ஆனா அங்க எங்க வீடு இருக்கு. அம்மா இருக்காங்க."

தையல்காரர் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ கண்ண மூடிக்க. நான் பாத்துச் சொல்றேன்."

"நான் கண்ண மூடிக்கிட்டா வழி யாரு சொல்றது?"

தெருவுக்குள் நுழைந்ததும் அவள் வீட்டு வாசற்படிகள் தெரிந்தன. யாராவது ஆர்டரை ரத்து செய்தால் அன்று அம்மாவுக்கும் மகளுக்கும் அந்தப் படியில் விருந்து. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அம்மா கேட்பாள்: "இன்னிக்கு யாரோட வயித்தெரிச்சல்?" சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். அந்தச் சிரிப்புக்கு உலகத்தையே எழுதிக் கொடுக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

அதற்குமேல் அவளால் தலை நிமிர முடியவில்லை.

"எந்த வீடு?" என்றார் தையல்காரர்.

"பச்சைக் கதவு."

"சாத்தியிருக்கும்மா."

"உள்ளயா, வெளியவா?"

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். "வெளிய. பூட்டு தொங்குது."

பார்சல் ஓடிப்போய் அதைப் பிடித்தாள். அவர்கள் வீட்டுப் பூட்டுதான். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அம்மா தன் கையால் பூட்டி, தன் காலால் நடந்து போயிருக்கிறாள். எங்கே என்று தெரியாது. கதவில் நெற்றியைச் சாய்த்து அவள் ஓவென்று அழுதாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணியின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"வாங்கக்கா, போலாம். சாவி அம்மாகிட்டதான் இருக்கு."