திரும்பி வந்த முதலாளி

அந்தக் கிழமை முழுவதும் கடை வாசலில் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே சுதர்சினி முதல் ஆளாக ஓடினாள். காதல் கடிதம் என்றுதான் அவள் ஊரான அம்பிட்டியவில் கதை ஓடியது. கதைக்கென்ன, ஓடும். வந்தவை எல்லாம் அவளே அனுப்பிய தபால் அட்டைகள்.

கண்டி டவுனில் பவாஸ் முதலாளியின் மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. பழைய வாடிக்கையாளர்களை இலவசக் கண் பரிசோதனைக்கு அழைக்கச் சொன்னார் முதலாளி. மரியாதையாக இருக்கட்டுமென்று அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரையே எழுதித் தொலைத்தாள். பாதி திரும்பிவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே குறிப்பு: ‘இப்படி ஒருவர் இல்லை.’

முன்பு இந்த வேலையிலிருந்த டிலானி, ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுத்ததற்கே வீட்டுக்குப் போனவள். ஆகவே இவள் திரும்பியவற்றை அலுமாரிக்குள் திணித்துவிட்டு, கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். பிள்ளையாருக்கு வேறு அலுவல் போலும். முதலாளி வேறெதற்கோ அலுமாரியைத் திறக்க, அட்டைகள் அவர் காலில் கொட்டின.

“என்ன புள்ள இது?”

அவர் குனிந்து எடுத்ததும் எதை? ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க, அவர் ஊரான மடவளைக்கு அவர் பேரிலேயே அவள் அனுப்பியதை.

“அப்துல் காதர் முஹம்மது பவாஸ். இப்படி ஒருவர் இல்லை.” முகம் சிவந்தது. “மடவளையில பொறந்து வளந்த நான் இல்லயா?”

“அங்க புதுத் தபால்காரரு, முதலாளி. தேத்தண்ணிக் கடையில விசாரிச்சாராம். இந்தப் பேரு யாருக்கும் தெரியலயாம்.”

“அப்ப என்ன பேருதான் தெரியுமாம்?”

அது மடவளைக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

“ஆந்தை முதலாளி.”

முதலாளி தன் வட்டக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த ஆடியில் தன்னைப் பார்த்தார். சுதர்சினி கைப்பையைத் தேடத் தொடங்கினாள்.

“எங்கட வாப்பாவையும் அப்பிடித்தான் சொல்லுவாங்க,” என்றார் மெதுவாக. “ஊர்ல கூப்புடுற பேரக் கேட்டு, அதையும் சேத்து எழுதி, திரும்பவும் அனுப்பு. எனக்கு மட்டும் அது வாணாம்.”

அடுத்த கிழமை, பேக்கரி கறுப்பையா முதல் நொண்டி யாகப்பர் வரை கடை வாங்குப் பலகையில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தபால்காரர் ஒரே ஒரு அட்டையை நீட்டினார்.

முதலாளியுடையது. மறுபடியும், ‘இப்படி ஒருவர் இல்லை.’

சுதர்சினி அலுமாரியைப் பார்த்தாள். முதலாளி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், இமைக்காமல், அந்தக் கண்களால்.