வெர்லீன் வீட்டு மேசைக்கு வந்த கோச்சுகள்

ஓடெல் பெட்டவே கடைசியாகச் செய்த வேலை, சமையலறை மேசையின் ஜன்னலோரக் கால் ஆடாமலிருக்க அதன் அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்ததுதான். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவிலிருந்து கிழித்த அட்டை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, முழங்காலிட்டு அதைச் செருகிவிட்டு, உள்ளங்கையால் மேசையை ஒருமுறை அழுத்திப் பார்த்து, "இனி ஆடாது" என்றார். மறுநாள் காலை காகித ஆலை முற்றத்தில் அடுக்கி வைத்திருந்த மரங்கள் சரிந்ததில் போய்விட்டார். அவரை அடக்கம் செய்த வாரத்திலிருந்து, அந்த மேசையில் உட்கார்ந்து பொய் சொன்னவர்கள் நாற்காலியை விட்டு மேலே எழும்பத் தொடங்கினார்கள்.

முதலில் எழும்பியவர் ஆலையின் மேனேஜர். துக்கம் விசாரிக்க வந்து, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "மில் உங்க குடும்பத்தை ஒருநாளும் மறக்காது மேடம்" என்றார். சொல்லி முடிக்கும்போது அவர் தலை விளக்கின் கண்ணாடிக் கூட்டில் இடித்துக்கொண்டிருந்தது. ஆச்சரியப்பட அந்த வாரம் ஓடெலின் மனைவி வெர்லீனிடம் தெம்பு இல்லை. காபி சிந்திவிடக் கூடாதே என்று எட்டிக் கோப்பையை மட்டும் வாங்கி வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கிய மேனேஜர், தனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல இருக்கிறது என்றார். அது உண்மையாக இருந்ததால் கீழே இறங்கினார். அடுத்து, கேக் ஒரே ஒரு துண்டுதான் எடுத்தேன் என்ற பாதிரியார் நான்கு விரல் உயரம் எழும்பினார். ஓடெலின் தங்கை யூலா இதைச் சோதித்துப் பார்க்கவென்றே வந்து உட்கார்ந்து தன் வயதைச் சொன்னாள். இறங்கியபோது அவள் செருப்பு ஒன்று குழம்புச் சட்டிக்குள் கிடந்தது. அலபாமாவின் மேக்லின் ஊர், அந்த வருஷத்துப் பீச் பழ விலையைப் பேசியதைப்போல இதையும் ஒரு வாரம் பேசியது. பிறகு உபயோகப்படுத்திக்கொண்டது. பழைய கார் வாங்குகிறவர்கள், விற்கிறவனை வெர்லீன் வீட்டுக்குக் கூட்டிவந்து மேசையில் உட்காரவைத்து, எஞ்சின் எப்படி என்று கேட்டார்கள். வெர்லீன் எல்லாருக்கும் காபி கொடுத்தாள். மின்விசிறியை மட்டும் நிறுத்தி வைக்கப் பழகினாள், யார் தலையும் அடிபடக் கூடாதென்று.

அப்பா போனபோது ஆறாம் வகுப்பில் இருந்த மகன் லவோன் இதற்குள் வளர்ந்து கதவு நிலையில் குனிந்து நுழைகிறவனாகிவிட்டான். கையில் பந்தோடு ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஓட ஆரம்பித்தால் எதிரணியின் பதினொரு பேரும் அவன் முதுகை மட்டுமே பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போனார்கள், பூட்ட மறந்தவர்களும் போனார்கள். பள்ளியின் கடைசி வருஷம் ஆட்டங்கள் முடிந்ததும், கல்லூரி அணிகளுக்கு ஆள் பிடிக்கும் கோச்சுகள் குளிர்காலப் பறவைகளைப்போல மேக்லினில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. பையனைப் பிடிக்க வேண்டுமென்றால் அம்மாவைப் பிடி. கூடத்து சோபாவில் உட்காராதே, சமையலறைக்குப் போ, போட்டதையெல்லாம் சாப்பிடு, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடு, அப்புறம் வாயைத் திற. அந்தப் பாடத்தைப் பிசகாமல் பின்பற்றியதால் அத்தனை பேரும் நேராகப் போய் ஓடெலின் மேசையில் உட்கார்ந்தார்கள்.

பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகத்தின் கோச் ராய்ஸ் கேலவே முதலில் வந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் அணியின் தொப்பியைத்தான் போட்டிருந்தார்கள், லவோன் அங்கேதான் போவான் என்று நாவிதர் கடையில் எப்போதோ முடிவாகியிருந்தது. கேலவே வறுத்த கோழியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார், வாயைத் துடைத்தார், வெர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவனை என் சொந்தப் புள்ளை மாதிரி பாத்துக்குவேன் மேடம்" என்றார். கூரையில் அவர் தலை பட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் லாரிகளின் பின்பலகையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு ஜன்னல் வழியே அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் கோச் எவ்வளவு உயரம் போவார் என்று அவித்த வேர்க்கடலையைப் பந்தயம் கட்டினார்கள்.

கோச்சுகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நெடுஞ்சாலை ஓட்டலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு தயாராக வந்தார்கள். ஒருவர் கோட்டுப் பைகளில் உடற்பயிற்சிக்கூடத்து இரும்புத் தட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்து, முதல் வருஷமே லவோன் ஆடுவான் என்றார். கோட்டு நாற்காலியிலேயே இருந்தது, அவர் மட்டும் அதிலிருந்து உருவிக்கொண்டு மேலே போனார். இன்னொருவர் கனமாகிவிட்டால் எழும்பாது என்று நம்பி சோளரொட்டியை முறத்துக்கணக்கில் தின்றார். எழும்பியது எழும்பியதுதான், ஆனால் மெதுவாக. அவர்களில் கெட்டிக்காரர் ஒருவர் கேள்விகள் மட்டுமே கேட்டார். உன்னை மாதிரி ஒரு பையன் முதல் ஆட்டத்திலேயே இறங்கினா எப்படி இருக்கும் லவோன், உங்கம்மா முன்னாடி உன் பேரை அம்பதாயிரம் பேர் எழுந்து நின்னு கத்தினா எப்படி இருக்கும். கேள்வி பொய்யாகாது என்பதால் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், லவோனின் கண்கள் விரிந்துகொண்டே போயின. அடுப்படியில் நின்ற யூலா கரண்டியோடு திரும்பினாள். "சார், கேள்வியெல்லாம் நல்லாத்தான் கேக்குறீங்க. ஒரே ஒரு பதில் சொல்லிட்டுப் போங்களேன்." அவருக்கு வேறு ஊரில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. அதை நிலைப்படியைத் தாண்டிப் போன பிறகே சொன்னார்.

கடைசியாக, யாரும் எதிர்பார்க்காதபடி, வடக்கே ஏரிகள் உறைந்து போகும் நாட்டிலிருந்து ஹார்மன் கல்லூரியின் கோச் க்ளென் நோவாக் வந்தார். கார் ஹீட்டர் வேலை செய்யாமல் காது சிவந்து போயிருந்தது. மேசையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவர் ஓட்டலுக்கே போகவில்லை, காருக்குள்ளேயே ரொட்டி தின்றிருந்தார். "முதல் வருஷம் இவனை எறக்க மாட்டேன் மேடம். ரெண்டாவது வருஷமும் சந்தேகம்தான். போன சீசன்ல ரெண்டே ஆட்டந்தான் ஜெயிச்சோம். இவன் படிச்சு முடிக்கறதுக்குள்ள என்னை வேலைய விட்டுத் தூக்கினாலும் தூக்குவாங்க. ஆனா படிக்க வச்சுருவோம். அது மட்டும் எங்களுக்கு நல்லா வரும்." நாற்காலியின் நான்கு கால்களும் தரையில், அவருடைய இரண்டு கால்களும் தரையில். லாரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெர்லீன், தக்காளி போட்டு வேகவைத்த வெண்டைக்காயை அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். நோவாக் அதை மெல்லாமல் விழுங்கிவிட்டு, "வெண்டைக்காய் பிரமாதம் மேடம்" என்றார். ஒரு சாண் உயரத்துக்கு எழும்பினார்.

தான் எங்கே இருக்கிறோம் என்பதை அவர் நிதானமாகக் குனிந்து பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்து எனக்கு இந்தக் கொழகொழப்பு ஆகாது மேடம், மன்னிச்சிருங்க" என்றார், இறங்கினார். வெர்லீன் சிரித்தாள். அடக்க முடியாமல், மேசையில் கையூன்றிக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். ஓடெல் போனபிறகு அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டதில்லை என்பதால் லவோன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டான், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று.

அடுத்த வாரம் முழுக்க ஊர் லவோனைப் பிடித்துக்கொண்டது. நாவிதர் பாதி முடியை வெட்டிவிட்டு, கேலவே அணி என்று சொன்னால்தான் மீதி என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவன் பாதித் தலையோடு வீட்டுக்கு வந்தான். அன்று மத்தியானம் அம்மாவும் மகனும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்தார்கள்.

"எங்க வேணாலும் போடா. எனக்குத் தனியா இருக்கறதுல ஒண்ணுமில்ல" என்றாள் வெர்லீன், பட்டாணியைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கும் தூரமாப் போகணும்னுல்லாம் இல்லம்மா. இங்க பக்கத்துலயே கேலவே சார்கிட்டப் போறேன். அதான் எனக்கு ஆசை."

பட்டாணி மட்டும் மேசையில் மிஞ்சியது. இரண்டு பேரும் கூரையடியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மிதந்தார்கள். இத்தனை வருஷத்தில் வெர்லீன் எழும்பியது அதுதான் முதல் தடவை. முதலில் அவள் கவனித்தது அலமாரியின் மேல்தட்டு எவ்வளவு தூசியாக இருக்கிறது என்பதை. அந்தத் தூசிக்குள் சுவரோரமாக ஒரு தகர டப்பா இருந்தது. சர்க்கரை கூடாதென்று டாக்டர் சொன்னபிறகு ஓடெல் ஒளித்து வைத்த பெப்பர்மின்ட் மிட்டாய். பாதி டப்பா பாக்கி இருந்தது.

"திருட்டுப் பய" என்றாள் வெர்லீன், மிக அன்பாக.

ஆளுக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்கள். மிட்டாய் இன்னும் சுள்ளென்று இருந்தது. அப்போது யூலா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அண்ணி, வீட்ல யாரும் இல்லையா?"

"மேல இருக்கோம்."

யூலா நிமிர்ந்து பார்த்தாள். "சரி. சோளமாவு எந்த டப்பால இருக்கு?" மாவை எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று, "உண்மையச் சொல்லிட்டு எறங்கி வாங்க ரெண்டு பேரும். பட்டாணி காயுது" என்றாள்.

வெர்லீன்தான் முதலில் சொன்னாள். ஒரு தட்டு மட்டும் வைத்துச் சாப்பிடப் பயமாக இருக்கிறது, நீ போகக் கூடாதென்றுதான் என் மனசு சொல்கிறது என்றாள். சொன்னபடியே இறகுபோல இறங்கி நாற்காலியில் அமர்ந்தாள். லவோன் இன்னும் மேலேயே இருந்தான். அவனைப் பார்க்க அவள் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. "எனக்குப் பனி பாக்கணும்மா" என்றான் மேலிருந்து. "யாருக்குமே என்னைத் தெரியாத ஊர்ல ஒரு தடவ ஓடிப் பாக்கணும். உன்னை விட்டுட்டுப் போகவும் மனசு வரல." அவனும் இறங்கினான். இரண்டு உண்மைகளும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்தன, எதுவும் எழும்பவில்லை. வெர்லீன் அடுத்த பட்டாணியை எடுத்து உரித்தபடி, "கனமான கோட்டு வாங்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

எந்தக் கல்லூரி என்று அறிவிக்கும் நாளில், பள்ளியின் உள்விளையாட்டரங்கில் மேசை போட்டு, அழைத்த கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்து, பையன் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வது வழக்கம். அந்த வருஷம் ஊர் வேறு மேசையை ஏற்க மறுத்தது. லாரிக்காரர்களே வந்து ஓடெலின் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெர்லீன் அட்டையைத் தன் கைப்பையில் எடுத்துப் போனாள். அரங்கத்துத் தரை சமமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அவள் குனிந்து ஜன்னலோரக் காலாக இருந்த காலின் அடியில் அதை வைக்கும்வரை ஊரே பொறுமையாகக் காத்திருந்தது. மேசையருகே உட்கார்ந்து வரவேற்றுப் பேசிய தலைமையாசிரியர், இவனிடம் திறமை இருக்கிறதென்று முதல் நாளே கண்டுகொண்டேன் என்று சொல்லி, கூடைப்பந்து வளையம்வரை போய் அதைப் பிடித்துக்கொண்டு மீதி உரையை அங்கிருந்தே முடித்தார். லவோன் எழுந்து ஹார்மன் கல்லூரியின் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டான். பாதி வெட்டிய முடிக்கு அது பொருத்தமாக இருந்தது. கேலவே பெருந்தன்மையாக முன்னே வந்து மேசையில் கையூன்றி, "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார், உத்தரத்தில் போய்த் தங்கினார். ஊர் முழுக்கச் சிரித்தது. சிரித்தபிறகு கோபப்பட யாராலும் முடியவில்லை. உள்ளூர் ரேடியோக்காரர் மைக்கை நீட்டி, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று மேசையில் உட்கார்ந்திருந்த வெர்லீனிடம் கேட்டார். எல்லாருடைய கண்ணும் அவள் பாதங்களுக்குப் போனது.

"அழுகையா வருது" என்றாள் அவள். "சந்தோஷமாவும் இருக்கு."

இரண்டு பாதங்களும் தரையில் இருந்தன. லாரிக்காரர்கள் அன்று எல்லாருக்கும் வேர்க்கடலை கொடுத்தார்கள், யார் ஜெயித்தார் என்று கேட்காமல்.

லவோன் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், மூன்றாவது வருஷம் பனியில் ஓடினான். வடக்கத்தியர்களும் அவன் முதுகைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். நோவாக்கை வேலையை விட்டுத் தூக்கினார்கள், அவர் பட்டமளிப்புக்கு மட்டும் வந்து, வெர்லீன் கொண்டுபோன சாப்பாட்டில் வெண்டைக்காயை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டார். அந்த வருஷங்களில் யூலா தினமும் சாயங்காலம் தன் தட்டோடு வந்துவிடுவாள். உங்களுக்காக வரவில்லை அண்ணி, என் அடுப்பு சரியில்லை என்பாள், நான்கு விரல் எழும்பியபடியே சாப்பிடுவாள். லவோன் பிறகு அதே கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் கோச்சானான். எந்த ஊரின் எந்த அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்தாலும், பேசுவதற்கு முன் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். ஏனென்று அந்த அம்மாக்களுக்குத் தெரியாது, ஆனாலும் பையன்களை அனுப்பினார்கள்.

நன்றிகூறும் நாள் விருந்துக்கு வந்தபோது அவன் ஒருமுறை புது மேசை வாங்கித் தருவதாகச் சொன்னான். அரங்கத்திலிருந்து திரும்பி வந்த அன்று வெர்லீனே முழங்காலிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துச் செருகிய அட்டை, ஜன்னலோரக் காலின் அடியில் அப்படியே இருந்தது. அவள் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்தினாள். மேசை ஆடவில்லை.