விளக்கு சொன்ன சேதி

மலாயாவின் கிள்ளானில் என் ஐஸ் தொழிற்சாலைக்குக் கரண்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கிரிகரி வந்து நின்றதுமே எனக்கு எரிச்சல்.

"சாயங்காலம் ஆறரைக்கு ஊரே விளக்கு போடுது அண்ணே. அப்ப உங்க மோட்டாரும் ஓடுனா எல்லா விளக்கும் மங்கிப் போவுது. எட்டரை வரைக்கும் நிறுத்தி வைங்க."

"ஐஸ் உருகுனா நீயா வந்து உறைய வைப்ப?"

"மத்தியானமே கூடக் கொஞ்சம் ஓட்டி, ஐஸ் அச்சைச் சுத்தித் தொட்டியில உள்ள உப்புத்தண்ணிய நல்லாக் குளிர வச்சிருங்க. அது தாங்கும். ஒரு நாள் பாருங்களேன்."

அவர் தோற்பதைப் பார்க்கவே ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் ஆறரைக்கு மோட்டாரை நிறுத்தினேன். பதினோரு வருட இரைச்சல் அடங்கியது. தொட்டியின் மேல் பனிப்புகை, தூங்கும் பிள்ளையின் மூச்சைப்போல மெல்ல எழுந்தது. ஏழு மணிக்கு உப்புத்தண்ணீரில் விரலை விட்டேன். விறைத்துப்போயிற்று. ஒரு கட்டிகூடக் கரையவில்லை. கிராணி ஜெயித்துவிட்டார், பாவி!

எட்டரை வரை எனக்கு அங்கே வேலையில்லை. வீட்டுக்கு நடந்தேன். தெருவெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளிச்சம். கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி கெர்ட்ரூட் இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தாள்.

"நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலைக்கு மேலிருந்த விளக்கைக் காட்டினாள்.

"தினமும் இது மங்கலா எரியும். நீங்க இன்னும் வேலையிலன்னு நான் தனியா சாப்பிட்டுருவேன். இன்னிக்குப் பளிச்சுன்னு எரிஞ்சிச்சு."