ஏரியலில் குத்திய எலுமிச்சை

வட்டவளைக்கு மேலே, போனுக்கு சிக்னல் கிடைக்காத ஒரு வளைவில், தேயிலைக் கொழுந்து ஏற்றிய இரண்டு தோட்ட லொறிகள் மோதிக்கொண்டன. சாரதி தவராசாவோடு வந்த அவனுடைய மச்சான் ரூபனின் தொடை கிழிந்தது. துண்டால் இறுக்கிக் கட்டியும் இரத்தம் நிற்கவில்லை.

தவராசா வீல் ஸ்பேனரை எடுத்து மற்ற லொறியின் சாரதி யோகேஸ்வரனின் வாயில் அடித்தான். பல் தெறித்தது. விழுந்தவனின் விலாவில் மிதித்தான்.

"வளைவுக்கு முன்னால ரேடியோவுல சொல்லணும்னு தெரியாதாடா, நாயே?"

"கூப்பிட்டுக்கிட்டேதாண்ணே வந்தேன். ஒங்க ரேடியோதான் பேசல."

"பொய்யா சொல்ற?" ஸ்பேனர் மறுபடி உயர்ந்தது.

"அப்புறமா அடிங்கண்ணே. என் ரேடியோ நொறுங்கிருச்சு. ஒங்களுதுலதான் ஆம்புலன்ஸ கூப்பிடணும்."

யோகேஸ்வரன் தவழ்ந்து போய், தவராசாவின் லொறி ஏரியலைத் திருகிக் கழற்றினான். வெள்ளிக்கிழமைதோறும் தவராசா சக்கரங்களைக் காக்கும் ரோதமுனி சாமிக்குப் படைத்து, திருஷ்டிக்காக அதன் நுனியில் குத்திவைக்கும் எலுமிச்சையின் சாறு அடிவரை வழிந்திருந்தது. ஏரியல் பொருந்தும் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவன் அதைக் கத்தியால் சுரண்டி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி முடுக்கினான்.

ரேடியோ கரகரத்தது. "ஆபீஸ். சொல்லுங்க."

வீங்கிய வாயால் பேச முடியாமல், யோகேஸ்வரன் மைக்கைத் தவராசாவிடம் நீட்டினான்.

தவராசா ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"ஆம்புலன்ஸ் அனுப்புங்க. ரெண்டு பேருக்கு அடி. ஒருத்தர நான்தான் அடிச்சேன்."