சத்தம் போடாத கோப்பை

கணவன் ஓஸ்முண்டின் கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து குன்வோருக்குச் சந்தேகம்தான். விறகுக் கொட்டகையைக் குடைந்தாள், படகைக் குடைந்தாள். சாராயப் புட்டி எதுவும் சிக்கவில்லை. பரம்பரை நடுக்கம் என்று பெர்கன் நகரத்து டாக்டர் சொன்னதையும் அவள் நம்பவில்லை. அவர் கொடுத்த மாத்திரையால் தலை சுற்றியதுதான் மிச்சம். காபியை நிறுத்திப் பார்த்தும் பயனில்லை.

அவர்கள் போகும் ஜெபவீட்டில் மது என்ற பேச்சே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போது ஓஸ்முண்டின் கோப்பை தட்டில் கடகடக்கும். மேசையே திரும்பிப் பார்க்கும். குன்வோருக்கு மானம் போகும்.

இந்த ஞாயிறு கோப்பை சத்தமே போடவில்லை.

ஜெபவீட்டுத் தலைவர் ஹல்வார் வந்து ஓஸ்முண்டின் தோளைத் தட்டினார். "ஒருவழியா அந்தப் பழக்கத்த விட்டுட்டீங்க போல! அடுத்த வாரம் எல்லாருக்கும் நீங்கதான் காபி ஊத்தணும்."

அவர் நகர்ந்ததும் குன்வோர் கணவன் பக்கம் சாய்ந்தாள். புதினா மிட்டாய் வாசத்துக்கு அடியில் சாராய வாடை.

"என்ன கண்றாவி இது?"

"ரெண்டே மடக்கு. வாழ்க்கையிலயே இன்னிக்குத்தான் முதல் தடவ. குடிச்சா கொஞ்ச நேரம் நடுக்கம் அடங்கும், ஆனா அதையே மருந்தாக்கிடாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. குடிக்காதப்போ குடிகாரன்னுதானே எல்லாரும் பாத்தீங்க? நீயுந்தான்."

ஹல்வார் மறுபடி இந்தப் பக்கம் வருவதைக் கண்டதும் குன்வோர் கைப்பையைத் திறந்து மிட்டாய் ஒன்றை எடுத்தாள்.

"சீக்கிரம் வாயில போடுங்க."