இலட்சுமிப்பிள்ளையின் ஒடியல் மேடை

தீவுப் பகுதியில் குலசிங்கத்தார் குனிந்து பார்க்காத கக்கூசுக் குழி இல்லை. முப்பது வருடம் சுகாதாரப் பரிசோதகர் உத்தியோகம். ஊர் வாயில் பி.எச்.ஐ ஐயா. அவருடைய சைக்கிள் மணி இறுப்பிட்டிச் சந்தியில் கேட்டால் தேத்தண்ணிக் கடைக்காரன் கழுவின கிளாசையே திரும்பக் கழுவுவான். கோழிகள்கூடக் கால் துடைத்துக்கொண்டுதான் கூட்டுக்குள் போகும் என்பார்கள். இளைப்பாறிய பிறகும் அவருடைய வாய் இளைப்பாறவில்லை. கலியாண வீடோ செத்த வீடோ, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரென்றால் பேச்சு சுற்றி வளைத்துக் குழிக்குள்தான் வந்து விழும்.

“சமைக்கிற குசினிக்குக் கிட்ட வெட்டப்படாது. மேலை ஒண்டும் போடப்படாது. மூடியைச் சீமெந்து பூசி மறைக்கப்படாது. நாலு வருசத்துக்கு ஒருக்கால் கழிவு உறிஞ்சிற பவுசரைக் கூப்பிட்டு இறைப்பிக்க வேணும். வழியும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறவன் மனுசனே?”

பிரேதம் எடுக்கக் காத்திருந்த சனம்கூட இதை மனப்பாடம் செய்துவிட்டது.

இந்த நாலு கட்டளைகளையும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் மீறிய வீடு தீவு முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய சொந்த வீடு.

நடந்தது இதுதான். எட்டு வருடங்களுக்கு முன்னர், மகள் பிரியவதனியின் பிள்ளைப்பேற்றுக்கென்று மனைவி இலட்சுமிப்பிள்ளை கனடாவுக்குப் போனார். போகும்போது படலையில் நின்று ஒரே ஒரு கட்டளை போட்டார்: புதுக் கக்கூசுக்குரிய குழி பின்வளவில், பூவரசுக்கு அப்பால் இருக்க வேண்டும். குலசிங்கத்தாரும் அங்கேதான் வெட்டத் தொடங்கினார். ஒரு முழம் போவதற்குள் முருகைக்கற் பாறை. அலவாங்கு பட்ட இடமெல்லாம் நெருப்புப் பறந்தது. வேலையாட்களில் ஒருவன் அந்த நெருப்பிலேயே பீடி பற்றவைத்தானாம். வளவு முழுவதும் குத்திப் பார்த்ததில் மண் இளகிக் கிடந்தது ஓரிடத்தில் மட்டும்தான். குசினி வாசலுக்கு நேரே, பழைய சாம்பல் கிடங்கு.

ஊரில் எத்தனை பேருடைய குழியை நின்று மூடுவித்தவர்! அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெட்டுவித்தார். குழிக்கு மேலே கொங்கிறீற் போட்டு, அதற்கு மேலே சிவப்புச் சீமெந்து பூசி, முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து மினுக்கிவிட்டார். மனைவி வந்ததும் ஆறுதலாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்பது எண்ணம்.

இலட்சுமிப்பிள்ளை வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“இதென்ன?”

குலசிங்கத்தாரின் புத்தி யோசித்துக்கொண்டிருக்கையில் நாக்கு முந்திக்கொண்டது.

“உமக்குத்தான். ஒடியல் காயப்போட ஒரு மேடை.”

“அப்ப உந்தக் குழாய்?”

காற்றுப் போவதற்காகக் குழியிலிருந்து எழும்பி நின்ற குழாயை அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“இடிதாங்கி.”

இலட்சுமிப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. “கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை, நான் வாய் திறந்து கேளாமல் நீங்கள் எனக்குச் செய்து தந்த முதல் சாமான் இதுதானப்பா” என்றார்.

அதற்குப் பிறகு எந்த ஆண்பிள்ளை உண்மையைச் சொல்லுவான்? குழி பூவரசடியில்தான் என்று அந்த மனுசி நம்ப, அந்த ஒரு விசயத்தில் மட்டும் குலசிங்கத்தாரின் வாய் அன்றைக்கு மூடினது.

மேடையோ பெயரெடுத்தது. பனங்கிழங்கைக் கிழித்து அதிலே பரப்பினால், மற்ற வீடுகளில் ஒடியலாகக் காய ஒரு கிழமை பிடிப்பது அங்கே இரண்டு நாளில் முடியும். காலையில் போட்டது மத்தியானம் கலகலவென்று சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும் என்று பக்கத்து வீட்டுச் சீதேவி சொல்லிக்கொண்டு திரிந்தாள். இலட்சுமிப்பிள்ளை அந்த மேடையில் செருப்போடு ஒரு சின்னப் பிள்ளையைக்கூட ஏறவிடமாட்டார். விடியப்புறம் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைப்பார். வேலணை, சரவணை, கரம்பொன் என்று ஆட்கள் ஒடியல்மாவுக்குத் தேடி வந்தார்கள். விமானம் ஏறுகிற ஒவ்வொருவருடைய பெட்டியிலும் ஒரு பை போனது. இலட்சுமிப்பிள்ளையின் மா இல்லாமல் ரொறன்ரோவில் கூழ் கொதிக்காது என்று பேச்சு.

குலசிங்கத்தார் மட்டும் அதை வாயில் வைக்கவில்லை. கொங்கிறீற்றைத் தாண்டி ஒரு கிருமியும் மேலே ஏறாது என்று அவருக்குத் தெரியும். அவருடைய தொண்டைக்குத்தான் தெரியவில்லை. “எனக்கு ஒடியல் வாய்வு” என்று சொல்லிவிட்டார். பாவம், அந்த மனுசி அதையும் நம்பி, பின்னேரம் பின்னேரம் உள்ளிப்பூண்டு அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இல்லாத வாய்வுக்கு எட்டு வருடமாக உள்ளி சாப்பிட்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். யாராவது வந்து “அம்மாவின்ரை ஒடியல் மாதிரி வராது ஐயா” என்று புகழும்போதெல்லாம் அவர் முகம் பேப்பருக்குப் பின்னால் போய்விடும். தலைகீழாகப் பிடித்த பேப்பராக இருந்தாலும் இறக்கமாட்டார்.

இரண்டு கிழடுகள் மட்டும் இருக்கிற வீடு. குழி நிரம்ப நாளெடுத்தது. இந்த ஆவணியில் பிரியவதனி புருசன் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். கனடாப் பிள்ளைகள் பல்லு விளக்கவே ஒரு தொட்டித் தண்ணீர் விட்டன. இரண்டாம் கிழமை கக்கூசு தொண்டையைச் செருமியது. மூன்றாம் கிழமை விட்டதெல்லாம் திரும்பி மேலே வந்து எட்டிப் பார்த்தது.

“அப்பா, தண்ணி இறங்குதில்லை.”

“காத்து அடைச்சிட்டுது, மோனை. தானாச் சரிவரும்.”

சுடுதண்ணீர் ஊற்றினார். கம்பி விட்டுக் குத்தினார். இரகசியமாக நயினை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தார். சரிவரவில்லை. பிரியவதனி தகப்பனைக் கேட்கவில்லை. தானே போன் எடுத்துப் பவுசருக்குச் சொல்லிவிட்டாள். அது வரும் என்று சொன்ன நாள் எது? ஊரையே கூப்பிட்டு இலட்சுமிப்பிள்ளை கூழ் காய்ச்ச வைத்திருந்த அதே நாள்.

வளவு நிறையச் சனம். முற்றத்தில் முக்கல்லு அடுப்பில் பெரிய பானை. நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் கொதித்துக்கொண்டிருக்க, கரைத்த ஒடியல்மாவை இலட்சுமிப்பிள்ளை அப்போதுதான் ஊற்றித் துழாவினார். மகள் கொண்டுபோகவென்று எடுத்து வைத்திருந்த ஒடியல் மேடை முழுவதும் வெயில் காய்ந்தது. அந்த நேரம் பார்த்துப் படலையில் பவுசர் வந்து நின்றது. கரம்பொன் பத்திநாதரின் மகன் றஜீபன் குதித்து இறங்கினான்.

“ஐயா! உங்கடை வீடோ! மேற்றிராணியாருக்கு முன்னாலை செபம் சொல்ல விட்ட மாதிரிக் கிடக்கு.”

சனம் சிரித்தது. குலசிங்கத்தாரும் சிரிக்கப் பார்த்தார். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

“குழி எங்கை, ஐயா?”

“உங்கை… பின்னாலை. பூவரசுக்கு அங்காலை.”

“ஓம் தம்பி, நான் கனடாவிலை நிக்கேக்கை அங்கைதான் வெட்டுவிச்சவர்” என்று அகப்பையைத் தூக்கிக் காட்டினார் இலட்சுமிப்பிள்ளை.

றஜீபனும் அவனோடு வந்தவனும் பூவரசடியில் மண்வெட்டி போட்டார்கள். ‘ணங்’ என்றது. தள்ளிப் போட்டார்கள். அங்கேயும் ‘ணங்’. குலசிங்கத்தார் “இதிலை… இல்லையில்லை, கொஞ்சம் அங்காலை” என்று ஒரு கையால் காட்டிக்கொண்டு மறுகையால் வியர்வை வழித்தார். அன்றைக்கு அவர் உடம்பால் போன தண்ணீர் தீவின் ஒரு கிழமைத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் போதும்.

சீதேவி வேலிக்கு மேலால் தலை நீட்டினாள். “அண்ணை, உந்தக் கல்லுக்குள்ளையோ குழி வெட்டினியள்? வெடி வைச்சோ?”

“நீர் சும்மா இரும் பிள்ளை!”

“ஊரிலை எல்லாற்றை குழியும் எங்கை எண்டு சொல்லுவார். தன்ரை குழி தெரியாதாம்” என்று சீதேவி சனத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சிரிப்பு கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பியது. றஜீபன் நிமிர்ந்து நோகிற நாரியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை விட்டான். பார்வை குசினி வாசலில் வந்து நின்றது.

“அம்மா, உதென்ன குழாய்?”

“அது எங்கடை மேடைக்கு இடிதாங்கி, தம்பி.”

“பிளாஸ்ரிக்கிலையோ?”

“ஐயாதான் பூட்டினவர்.”

றஜீபன் குழாயைப் பார்த்தான். மேடையைப் பார்த்தான். கடைசியாக ஐயாவைப் பார்த்தான். ஐயா பூவரசின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெடியன் நல்லவன். கிட்டப் போய், காதோடு கேட்டான்.

“ஐயா, பவுசர் பழுது எண்டு சொல்லித் திரும்பிப் போகட்டோ?”

குலசிங்கத்தாரின் தலை ‘ஓம்’ என்று ஆடத் தொடங்கியதுதான். அதற்குள் பிரியவதனி, “என்ன குசுகுசுப்பு? குழியைக் கண்டுபிடிச்சாச்சோ இல்லையோ? பிள்ளையள் ஏலாமல் நிக்கினம்!” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், வந்த கோபத்தில் பிளஷை இழுத்துவிட்டாள்.

மேடைக்குக் கீழே யாரோ பெரிய மனிதர் சாப்பிட்டு முடித்து ‘ஏவ்’ என்று ஏவறை விட்டார்.

முற்றத்தில் நின்ற அவ்வளவு பேரும் கேட்டார்கள். இடிதாங்கியின் வாயால் ஒரு மூச்சு வந்து கூழ் வாசத்தோடு கலந்தது. மேடையில் கிடந்த ஒடியல் துண்டுகள் துள்ளி விழுந்தன என்று சீதேவி இன்றைக்கும் கோயிலில் கற்பூரம் அணைக்கத் தயார்.

முதலில் வாய் திறந்ததும் அவள்தான். “ஐயோ அக்கா! என்ரை கடைக்குட்டிக்குப் பால் மறப்பிச்சதே உந்த மாவிலைதானே!”

றஜீபனுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. “எங்கடை அப்பு ஆசையாக் கட்டின குழியை, குசினிக்குக் கிட்ட எண்டு ஐயா நிண்டு உடைப்பிச்சவர்” என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். “இது குசினிக்குக் கிட்டவோ, குசினி இதுக்குக் கிட்டவோ, ஐயா?”

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று குலசிங்கத்தார் எதிர்பார்த்தார். கீழே முருகைக்கல். அதுவும் பிளக்காது. இளகின ஒரே இடத்திலோ குழி இருந்தது.

சனம் என்ன சொன்னாலும் தாங்கியிருப்பார். ஆனால் இலட்சுமிப்பிள்ளை அடுப்படியை விட்டு விலகினார். அகப்பையை மகளிடம் கொடுத்தார். கடகத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஒடியலை ஒவ்வொரு பிடியாக அள்ளிப் போட்டார். ஒரு துண்டு விடவில்லை. இறங்கி வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்ப மேடையில் ஏறினார். அந்த எட்டு வருடத்தில் மேடை கண்ட முதல் செருப்பு. ஒருமுறை நடுவில் நின்று பார்த்துவிட்டு இறங்கினார்.

“உடையுங்கோ, தம்பி.”

சிவப்புச் சீமெந்து முதல் அடியில் கண்ணாடி மாதிரித் தெறித்தது. ஒவ்வொரு அடிக்கும் குலசிங்கத்தாரின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. மூடி திறந்தபோது எழும்பிய மணத்துக்கு, குறிகட்டுவான் இறங்குதுறையை நோக்கி வந்த படகு பாதிக் கடலில் யோசித்து நின்றதாம். பவுசர் உறிஞ்சியது. உறுமி உறுமி உறிஞ்சியது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதே தவிர ஒருவரும் போகவில்லை. இந்தக் காட்சியை விட்டுவிட்டு யார் போவார்கள்?

பவுசர் போனது. எல்லோருடைய கண்ணும் பானையில். பானை பாட்டுக்குக் கொதித்தது. கை நீட்ட ஒருவரும் இல்லை.

இலட்சுமிப்பிள்ளை பனையோலைப் பிளா ஒன்றை எடுத்தார். நண்டுக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, விளிம்பு முட்ட ஊற்றினார்.

“இஞ்சேருங்கோ, வாங்கோ.”

குலசிங்கத்தார் வந்தார்.

“எனக்கு வாய்வு…” என்று பழக்கதோசத்தில் தொடங்கிவிட்டார்.

“குழியை எங்கையும் வெட்டியிருக்கலாம்” என்றார் இலட்சுமிப்பிள்ளை. சத்தம் போடவில்லை. “கல்லு எண்டால் கல்லு. சொல்லியிருந்தால் ரெண்டு நாள் கத்திப்போட்டு விட்டிருப்பன். ஊரெல்லாத்துக்கும் குடுக்கேக்கை பாத்துக்கொண்டிருந்தனீங்கள். பேரப்பிள்ளையளுக்கு அள்ளித் தீத்தேக்கையும் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். நீங்கள் மட்டும் வாயிலை வைக்கேல்லை. நான் உள்ளி அவிச்சுத் தந்தனான்.”

பிளாவை இரண்டு கையாலும் வாங்கினார். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார்.

குடித்தவர் கண்ணைத் திறந்தார்.

அப்படி ஒரு கூழை அவர் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. நண்டின் இனிப்பும் செத்தல் மிளகாயின் உறைப்பும் புளியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போக, பின்னால் ஒடியலின் அந்த மெல்லிய கசப்பு வந்து நாக்கில் குந்தியது. எட்டு வருடத்தை உள்ளியோடு கழித்திருக்கிறார்! பிளா காலியானது தெரியாமல் ஓலையையும் நக்கிவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. வெட்கத்தில் அழுகிறார் மனுசன் என்று சனம் உச்சுக் கொட்டியது. அதில் பாதி உறைப்பு.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்த சீதேவி மெல்லமாக வேலியைச் சுற்றி வந்து ஒரு பிளாவை நீட்டினாள். “விடுங்கோ அக்கா. திண்டது திண்டாச்சு.” அவளுக்குப் பின்னால் இன்னொரு பிளா. பிறகு வரிசை.

குலசிங்கத்தார் நகரவில்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்க வெட்கம் விடவில்லை. சொல்லாமல், காலிப் பிளாவை மட்டும் ஒரு விரற்கடை முன்னுக்கு நகர்த்தினார்.

இலட்சுமிப்பிள்ளை கண்டார். அகப்பை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு சீதேவியின் பக்கம் திரும்பியது.

“வாய்வுக்காரருக்கு ஒண்டு போதும்.”