பாங்கியில் எழும்பிய தூதரகம்

செவ்வாய்க்கிழமையா புதனா என்பதில் சொல்பவருக்கே சந்தேகம் உண்டு. மழை பெய்ததாகவும் நினைவு, பெய்யாததாகவும் நினைவு. ஆனால் அந்தப் பெரிய நாடு உறவை முறித்துக்கொண்ட காலையில், பாங்கி நகரத்திலிருந்த அதன் தூதரகம் ஒரு பனை உயரம் எழும்பி, அங்கேயே நின்றுவிட்டது. தூதரும் அவருடைய ஆட்களும் விடிவதற்குள் விமானம் ஏறியிருந்தார்கள். உள்ளே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தவர் காவலாளி பார்னபே மட்டும். அவர் மனைவி எர்மீன் ஏணி கொண்டுவந்தாள். ஏணியின் நீளத்துக்குக் கட்டடம் இன்னும் மேலே போனது. கயிற்றில் கூடை ஏறி இறங்க மட்டும் அனுமதித்தது. அவர் இறங்கக் கால் வைத்தால் மேலே விலகியது. சில நாட்களில் இருவரும் முயல்வதை விட்டார்கள். மரவள்ளிக் களியும் நிலக்கடலை அரைத்துவிட்ட கீரையும் மேலே போயின, அழுக்குத் துணி கீழே வந்தது.

“உப்பு பத்தல,” என்பார்.

“இறங்கி வந்து போட்டுக்கோங்க,” என்பாள்.

பக்கத்தில் மாவுருண்டை பொரித்து விற்கும் பெலாஜி, “உன் புருஷன் எங்க இருக்கான்னாவது உனக்குத் தெரியுது. கொடுத்து வெச்சவடி நீ,” என்பாள்.

கோடைதோறும் எர்மீன் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போனாள். அங்கே ஒரே அதிகாரி ஒரே பதிலைச் சொன்னார்.

“உறவு திரும்பினா கட்டடம் தானா இறங்கிடும்மா. அதுவரைக்கும் அவர் வெளிநாட்டுல இருக்கார்.”

“எங்க வாசல்லேருந்து பாத்தா அவர் காலு தெரியுதே ஐயா.”

“தெரியும். அதுக்கு நான் என்ன பண்ண?”

ஆட்சி இரண்டு முறை கவிழ்ந்தது. தெருவில் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்த வாரங்களில் கூடை போகவில்லை. பார்னபே கூரையில் தொங்கிய வௌவால்களைத் தின்று உயிரோடு இருந்தார். மகள் சாந்தாலின் கல்யாணம் கட்டடத்துக்குக் கீழேயே நடந்தது. அவர் ஜன்னலிலிருந்து ஏதோ வாழ்த்தினார், மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எர்மீனுக்கு அழுகை வந்த காலம் போய், வரவில்லையே என்று உறுத்திய காலமும் போயிற்று.

ஒருநாள் உறவு திரும்பியது. தெருவெல்லாம் இரண்டு கொடிகள். எர்மீன் புதுத் துணி உடுத்தி, தலையை அண்ணாந்தபடி உச்சி வெயில் சாயும்வரை நின்றாள். கட்டடம் அசையவில்லை. அவள் அமைச்சகத்துக்கு நடந்தாள்.

“தூதரகத்துக்கு ஆத்தங்கரையில புது இடம் குடுத்திருக்கோம்மா,” என்றார் அதிகாரி. அவர் தலை நரைத்திருந்தது. “பழைய கட்டடம் ஒப்பந்தத்துல வரல. ரெண்டு பக்கமும் யாருக்கும் ஞாபகம் இல்ல.”

திரும்பி வந்தபோது பார்னபே ஜன்னலில் நின்றிருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

அவள் அவர் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள்.

“மேகம் கூடுது. துணிய எடுத்து உள்ள போடுங்க.”

அதிகாரி ஓய்வு பெற்று, இப்போது அந்தப் பெரிய நாட்டில் தன் மகனோடு இருக்கிறார். பெலாஜி சந்தைப் பக்கம் கடையை மாற்றிக்கொண்டாள். சாந்தால் ஆற்றங்கரைப் புதிய தூதரகத்தில் தரை துடைக்கிறாள், மாலையில் வந்து கூடையை நிரப்புகிறாள். எர்மீன் மூன்று மழைக்காலங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்தாள். பார்னபே மேலே இருக்கிறார். விமானங்கள் சற்று விலகிப் பறக்கின்றன.